கிரேக்கத் தீவுகளில் பாய்மரப் படகு: வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டா?

காரைக்குடிக்காரன்:
அப்பச்சி, ஆத்தா (அப்பா, அம்மா), நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், ஆக ஐந்து பேர். ஆகஸ்டில் பத்து நாள் கிரேக்கம் போய், பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, அவசரமில்லாமல் தீவு தீவாகச் சுற்ற ஆசை. மனதில் இருப்பது மைக்கோனோஸ், சாண்டோரினி. எங்கள் அய்யா (தாத்தா) கப்பலேறி ரங்கூன் போய் வந்தவர், ஆனால் அப்பச்சிக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டதோடு சரி, முழங்கால் வலி வேறு. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஒத்துவருமா?

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, ஆகஸ்டில் அந்தப் பக்கம் வேண்டாம். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்று ஒரு வடகாற்று, வானம் பளிச்சென்று இருக்கும்போதே நாள்கணக்கில் அடிக்கும். நம்ம ஊர் ஆடிக்காற்றை நடுக்கடலில் வைத்து நினைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் துறைமுகத்தை விட்டு நகர முடியாமல் சீட்டாடிக்கொண்டு கிடந்தேன்.

நிதானமாகப் போக மேற்கே அயோனியன் கடல்தான். லெஃப்கடா தீவுக்குக் காரிலேயே போய்விடலாம், பாலம் இருக்கிறது, ப்ரெவேஸா விமான நிலையமும் பக்கம். அங்கே படகெடுத்து மெகனிசி, இத்தாகா, அப்படியே கெஃபலோனியாவில் ஃபிஸ்கார்டோ. 1953 நிலநடுக்கத்தில் அந்தத் தீவே இடிந்தபோது பெரும்பாலும் தப்பிய ஊர் அது, பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. காலையில் காற்றே இருக்காது, சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பலாம். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து எழும், பொழுது சாய அடங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேர ஓட்டம் போதும். பையனுக்குக் காலாண்டு விடுமுறை விடும் செப்டம்பர் கடைசியில் போனால் கூட்டமும் குறைவு.

உரிமம் இல்லாமல் படகைத் தனியாகத் தரமாட்டார்கள், ஸ்கிப்பரோடு, அதாவது படகு ஓட்டுபவரோடு எடுங்கள். அவருக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும், சாப்பாடும் நம் கணக்கு.

பள்ளத்தூர் ஆச்சி:
ஏதென்ஸையும் பார்ப்பதாக இருந்தால் சரோனிக் வளைகுடாவையும் யோசியுங்கள். அங்கே ஈஜினாத் தீவில் பிஸ்தா பிரமாதம். ஹைட்ராத் தீவில் கார் கிடையாது, சாமான் எல்லாம் கழுதை முதுகில்தான்.

சமையல் பற்றி ஒன்று. படகு அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும், படகு சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்பதற்காக. அதற்காக வெள்ளைப் பணியாரம் சுட எண்ணெய்ச்சட்டி வைத்துவிடாதீர்கள், கரையில் கட்டிய பிறகுகூட நான் துணிய மாட்டேன். இட்லிப்பொடி, ஊறுகாய் போதும். தொட்டித் தண்ணீர் அளவுதான், ஆத்தாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கடையில் மீன் கிலோ கணக்கில் விலை, எடை போட்டுக் காட்டச் சொன்ன பிறகு சமைக்கச் சொல்லுங்கள். நாங்கள் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு பில்லைப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

காரைக்குடிக்காரன்:
அயோனியன்தான், முடிவாகிவிட்டது. முழங்கால்?

தேவகோட்டைத் தம்பி:
அதுதான் யோசிக்க வேண்டியது. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகு பின்னாலேயே போய்க் கரையை ஒட்டி நிற்கும். பின்பக்கத்திலிருந்து கரைக்கு ஒரு குறுகிய பலகை, கைப்பிடி பல படகுகளில் இருக்காது. அலை வந்தால் பலகை நகரும். அப்பச்சி இறங்கும்போது கரையில் ஒருவர் நின்று கையைப் பிடிக்க வேண்டும். பதிவு செய்யும்போதே கைப்பிடி உள்ள பலகை கேளுங்கள்.

காரைக்குடிக்காரன்:
அப்பச்சியிடம் சொன்னேன். "ஊருணிப் படியை விடவா?" என்கிறார். ஆத்தாதான் வாயே திறக்கவில்லை.