பண்டிகைக்கு மறுநாள் பரீட்சை வைக்கலாமா? இலங்கை மலையகப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்து ஆசிரியை

தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலையொன்றில் நேரசூசிக்கு (பாட, பரீட்சை அட்டவணைக்கு) பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். நகரத்துக் கடைகளை நடத்தும் குடும்பங்களிலிருந்து முஸ்லிம் பிள்ளைகள் ஒரு சிலர் வருகிறார்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனியான தவணை அட்டவணையும் நோன்பு கால விடுமுறையும் உண்டு. ஆனால் எங்களிடம் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலை அட்டவணைப்படியே வர வேண்டியிருக்கிறது.

ஒருமுறை நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் தவணைப் பரீட்சையில் கணிதப் பாடத்தைப் போட்டுவிட்டோம். தரம் 8 மாணவி ஒருத்தி அக்குறணையில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போயிருந்ததால் வரவில்லை. அந்தப் பாடத்துக்குச் சுழியம் இட்டுச் சராசரி கணிக்கப்பட்டது. தேர்ச்சி அறிக்கையை வாங்கும்போது அவள் உள்ளங்கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் மங்காமல் இருந்தது, "டீச்சர், நான் இருபத்தேழாவதா?" என்று மட்டும் கேட்டாள். அட்டவணையைப் போட்டவள் நான் என்பதால் அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கும் நாளன்று பாதி வகுப்பு வராது. அன்று எவரும் புதிய பாடம் நடத்துவதில்லை, பரீட்சையும் வைப்பதில்லை. யாரும் கடிதம் கேட்பதுமில்லை. நாற்பது பேரில் இருபது பேர் வராவிட்டால் நேரசூசி மாறுகிறது. இரண்டு பேர் வராவிட்டால் அந்த இருவரின் புள்ளிகள்தாம் மாறுகின்றன. இதை உங்கள் பாடசாலைகளில் எப்படிச் சரிசெய்கிறீர்கள்?

பதில் 1: ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், ஹட்டன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொல்வதன் வலியைச் சிறுவயதிலேயே பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். 1966 முதல் 1971 வரை நம் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. நிலவின் நிலைகளைக் கொண்டு வரும் பௌத்தப் புனித நாட்களான போயா நாட்களை ஒட்டியே வார விடுமுறை கணிக்கப்பட்டது. என் பக்கத்து வாங்கிலிருந்த கிறிஸ்தவ நண்பன் ஞாயிறன்று விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, பனியில் நனைந்த மேற்சட்டையோடு மூச்சிரைக்க ஓடிவருவான். தாமதித்து வந்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் எப்போதும் இருக்கும்.

நடைமுறைக்கு வருவோம். விடுமுறையை அறிவிக்கும் அதிகாரம் அதிபருக்கு இல்லை. தீபாவளிக்கு மறுநாள் நம் மாகாணத்தில் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விடுமுறை கிடைக்கும் ஆண்டுகளிலும் அது மேலிடத்து முடிவுதான். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பாடசாலை நடத்த வேண்டியிருக்கும். ஆனால் பரீட்சையை எந்த நாளில் வைப்பது, வராத பிள்ளைக்கு மாற்று வினாத்தாள் கொடுப்பதா என்பவை பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பொது வினாத்தாள் வரும் பாடங்களுக்கு மட்டும் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். நான் ஜனவரியிலேயே எல்லாச் சமயங்களின் நாட்களையும் ஒரே தாளில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டிவிடுவேன். அந்த நாட்களுக்கு முந்தைய நாளிலும் மறுநாளிலும் பரீட்சை இல்லை, வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மீட்டல் மட்டுமே என்பது எங்கள் ஏற்பாடு. சிவராத்திரி அன்று பொது விடுமுறைதான். ஆனால் விடிய விடியக் கோயிலில் கண்விழித்த பிள்ளை மறுநாள் மேசையில் தலைசாய்த்துத் தூங்குவதைப் பார்த்துத்தான் இந்த ஏற்பாட்டுக்கு வந்தேன்.

வராத பாடத்தைச் சுழியமாகக் கணித்தது தவறு. எழுதிய பாடங்களுக்கு மட்டும் சராசரி கணித்திருக்க வேண்டும்.

பதில் 2: ஒரு தாய், பண்டாரவளை

என் பிள்ளைகள் இருவரும் தமிழ்ப் பாடசாலையில்தான் படிக்கிறார்கள். அந்தத் தெரிவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆசிரியர்கள் ஒரு விடயத்தை மட்டும் அறிந்துகொண்டால் நல்லது. எங்கள் பெருநாளின் தேதி, இருபத்தொன்பதாம் நோன்பன்று மாலையில் பிறை தென்பட்டதா என்பதைப் பொறுத்து, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடித் தீர்மானிக்கப்படுகிறது. அறிவித்தல் வர இரவாகிவிடும். ஆகவே "முன்கூட்டியே கடிதம் தரவில்லை" என்று பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவது நியாயமில்லை.

நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருகிறது. 2025 இல் அது மார்ச் மாதத்தில், பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலேயே வந்தது. என் மகன் நோன்போடு அணிநடைப் பயிற்சிக்கு வெயிலில் நின்றான். "கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போ" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். தானாகக் கேட்க அவனுக்குக் கூச்சம்.

பதில் 3: விஞ்ஞான ஆசிரியை, மஸ்கெலியா

நான் கத்தோலிக்கர். பெரிய வெள்ளி பொது விடுமுறை; தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அப்படியல்ல. அன்று பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனால், "டீச்சரும் திருநீறு பூசியிருக்கிறார்" என்று பிள்ளைகள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அதை விளக்குவதற்கு எனக்கு எப்போதும் ஐந்து நிமிடம் தேவைப்படும், அந்த ஐந்து நிமிடத்தை நான் விரும்புகிறேன்.

ஆனால் விடுமுறைகளைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தாலே பாடசாலை மூடப்படுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு என்பது பஸ் கட்டணத்தோடு சேர்ந்த செலவு. உயர்தர வகுப்பில் 80 சதவீத வரவும் கேட்கிறார்கள். அதிபர் ஐயா சொன்னது போல, பாடசாலை திறந்திருக்கட்டும், பரீட்சை மட்டும் விலகி நிற்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் ஜனவரித் தாளை முன்வைக்கிறேன். வரவு இடாப்பில் பண்டிகைக் காரணத்தைத் தனியாகக் குறிப்பதையும், பிறை அறிவித்தலுக்காகக் கடிதத்தைப் பிறகு ஏற்பதையும் அதோடு சேர்க்கிறேன். மூன்று தோட்டங்களிலிருந்து எங்களுக்குப் பிள்ளைகள் வருவதால், திருவிழா நாட்களைக் கோயில் கமிட்டிகளிடம் முன்கூட்டியே கேட்டு எழுதப் போகிறேன். அந்த மாணவியின் சராசரியை எழுதிய பாடங்களுக்கு மட்டும் மீண்டும் கணித்துப் புதிய அறிக்கை கொடுக்க அதிபரிடம் இன்றே கேட்கிறேன்.