ஷாப்லிஃப்டர்ஸ் வீட்டில் இருப்பது குடும்பமா?

முற்றம்:
ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவின் 'ஷாப்லிஃப்டர்ஸ்' (2018) பற்றிப் பேசினாலே, "ரத்த உறவைவிடச் சேர்ந்து வாழ்வதே பெரிது என்று சொல்லும் படம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ரத்த உறவில்லாத சிலர் கடைத் திருட்டை நம்பி ஒரே வீட்டில் வாழும் கதை அது: ஒசாமு, அவருடைய துணை நோபுயோ, பாட்டி ஹட்சுவே, எங்கிருந்தோ எடுத்து வந்து வளர்க்கும் சிறுவன் ஷோட்டா, பெற்றோரிடம் வதைபட்டதால் கூட்டி வந்த சிறுமி யூரி. பாட்டி ஹட்சுவே இறந்ததும் வீட்டுக்கு அடியிலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டு அவருடைய ஓய்வூதியத்தை எடுக்கிறார்கள். சிறுவன் ஷோட்டா ஆரஞ்சுப் பையோடு பாலத்திலிருந்து குதித்துக் கால் உடைந்து மருத்துவமனையில் கிடக்கிறான். இவர்களோ இரவோடு இரவாக மூட்டை கட்டுகிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு ஓடத் துணிந்தவர்களைக் குடும்பம் என்று எப்படிச் சொல்வது?

கயல்:
யூரியை மறந்துட்டீங்க. கடையில நீச்சல் உடை வாங்கித் தர்றோம்னு சொன்னா, அஞ்சு வயசுக் குழந்தை "அப்புறம் அடிக்க மாட்டீங்களே?"ன்னு கேக்குது. பெத்த வீட்டுல புது உடைக்கு அப்புறம் அடிதான் வரும். கடைசியில போலீஸ் அவளை அதே வீட்டுக்குத்தான் அனுப்புது. அம்மா "புது டிரஸ் வாங்கித் தரேன், வா"ன்னு கூப்பிடும்போது யூரி தலையாட்டி மறுக்கிறா. முன்னாடி வந்த அந்தக் கேள்வி இல்லேன்னா இந்த மறுப்புக்கு அர்த்தமே புரியாது. நோபுயோ கையிலயும் யூரி கையிலயும் ஒரே மாதிரி இஸ்திரிப்பெட்டிச் சூட்டுத் தழும்பு. அந்தக் குழந்தையோட வலி தெரிஞ்ச ஒரே ஆள் நோபுயோதான்.

முற்றம்:
வலி தெரிந்தால் போதுமா? குழந்தை வதை பற்றிச் சொல்ல 2015 ஜூலையிலிருந்தே ஜப்பானில் 189 என்ற மூன்று இலக்க எண் இருக்கிறது. முதல் வாரத்திலேயே அழைத்திருந்தால் தழும்பே சாட்சியாகியிருக்கும். இவர்கள் செய்ததோ, முடியை வெட்டி, பெயரை மாற்றி ஒளித்து வைத்ததுதான்.

கயல்:
அழைச்சிருந்தா? சட்டப்படி யூரியைத் தங்களோட பிள்ளையாக்கிக்க அவங்களுக்கு வழியே கிடையாது. பெத்தவங்களோட உறவை முழுசா அறுக்கிற சிறப்புத் தத்து 1988-ல நடைமுறைக்கு வந்தது. மணமான தம்பதியா இருக்கணும், ஆறு மாசமாவது வளர்த்துப் பாக்கணும், அதுக்கு மேல குடும்ப நீதிமன்றம் சம்மதிக்கணும். படம் வந்தப்போ வயசு வரம்பும் ஆறுக்குள்ள. 2020-லதான் 15-க்குள்ளன்னு தளர்த்தினாங்க. போலிப் பேர்ல வாழற, பழைய கொலை வழக்கு இருக்கிற ரெண்டு பேருக்கு எந்த நீதிமன்றம் குழந்தையைத் தரும்?

நிழலுரு:
இருவரும் பெட்டிக்கடைத் தாத்தாவைத் தொடவேயில்லை. கடைப் பொருள் இன்னும் யாருக்கும் சொந்தமில்லை என்று ஒசாமு சொல்லிக் கொடுத்திருக்கிறார். தாத்தா ஷோட்டாவிடம் தின்பண்டத்தைக் கொடுத்து, "தங்கச்சியை இதில் இழுக்காதே" என்கிறார். அங்கேதான் ஒசாமு சொல்லிக் கொடுத்த கணக்கு பொய்த்துப் போகிறது. பிறகு சூப்பர் மார்க்கெட்டில் யூரி திருடப் போகும்போது, எல்லாரும் பார்க்கும்படி ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். மாட்டிக்கொள்வதற்காகவே ஓடினான் என்பதைப் பின்னால் அவனே ஒப்புக்கொள்கிறான். வீட்டை உடைத்தது போலீஸ் இல்லை, வளர்ந்துவிட்ட பிள்ளை.

இன்னொன்று. சிறையில் பார்க்க வந்த ஷோட்டாவிடம் நோபுயோ, அவனை எடுத்த இடத்தைச் சொல்கிறாள்: மட்சுடோ நகரம், பச்சிங்கோ சூதாட்டக் கடை, சிவப்பு விட்ஸ் கார், நராஷினோ வட்டார எண் பலகை. தேடினால் பெற்றோர் கிடைப்பார்கள் என்று. ஒசாமு பதறிப் போகிறார். ரத்த உறவு வேண்டாம் என்று சொல்லும் படம், அந்த வழியை இத்தனை துல்லியமாக ஏன் திறந்து விட வேண்டும்?

கயல்:
அந்த இடத்துல நோபுயோதான் முழுத் தாய். வேற எப்படிப் பாக்கறது? தான் பிடிச்சு வெச்சிருந்த கையைத் தானே விடுறா.

முற்றம்:
நோபுயோ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். விசாரணைக் காட்சியில் "குழந்தைகள் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?" என்று கேட்டதும், பதில் வராமல் கண்ணைத் துடைப்பதும் முடியைத் தள்ளுவதுமாக அழுகிறாளே, நோபுயோவாக நடித்த அந்த சகுரா அன்டோவுக்கு எதிராக என்னால் வாதாட முடியாது. ஆனால் ஒசாமு? பையனுக்குச் சூட்டியது தன் சொந்தப் பெயரை. "அப்பா" என்று ஒருமுறை கூப்பிடச் சொல்லிக் கெஞ்சியதும் அவர். விட்டு ஓடப் பார்த்ததும் அவரே. ஷோட்டா அந்தச் சொல்லை எப்போது சொல்கிறான் பாருங்கள்: பேருந்து கிளம்பி, ஒசாமு பின்னாலேயே ஓடிப் பார்வையிலிருந்து மறைந்த பிறகு. அதுவும் சத்தம் வராமல், உதடு மட்டும் அசைய.