பரோக், ரொக்கோக்கோ: இரண்டுக்கும் ஒரே சொல்லா?

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப்பாணிகளான பரோக், அதையடுத்து வந்த ரொக்கோக்கோ இரண்டையும் மொழிபெயர்த்தவர் ‘மிகையணிப் பாணி’ என்றே எழுதியிருக்கிறார். பிரித்துக் காட்டச் சொற்கள் வேண்டும்.

———

> மிகையணிப் பாணி

வேண்டாம் ஐயா. படிப்பவருக்கு உயர்வு நவிற்சி அணிதான் நினைவுக்கு வரும். மேலும் ‘மிகை’ என்பது அக்கலையைப் பிடிக்காதவர்களின் பழிப்பு. பரோக் என்ற பெயரைக் கோணல் முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லோடு இணைப்பார்கள். ரொக்கோக்கோவுக்கு மூலம் ‘ரொக்காய்’ என்ற பிரெஞ்சுச் சொல், அதாவது செயற்கைக் குகைகளில் பதித்த கல், கிளிஞ்சல் வேலைப்பாடு. ஒன்று முத்து, மற்றது சிப்பி! கோண்முத்துப் பாணி, இப்பிப் பாணி எனலாமே. ‘இப்பி முத்த வார்மணல்’ புறநானூற்றில் இருக்கிறது. காற்று, மண், கல், நீர் இவற்றால் முத்துக்கு வரும் குற்றங்களைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை சொல்கிறது. அதில் கோணல் எதில் அடங்கும் என்று தனிமடலில் எழுதுகிறேன்.

———

அம்மா, வேர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்பி என்றால் இன்றைய மாணவருக்குச் சிப்பியே தோன்றாது, பாணி எங்கே தோன்றும்? கட்டடத்தைப் பார்ப்போம். ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் சிற்பி பெர்னினி 1624இல் தொடங்கி 1633இல் முடித்த வெண்கல விதானம், நான்கு முறுக்குத் தூண்களோடு ஏறத்தாழ 29 மீட்டர் உயரம். சீர்திருத்தச் சபைகள் பிரிந்துபோன பின் கத்தோலிக்கத் திருச்சபை தன் மாட்சியைக் காட்டிய கலை பரோக். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி 1715இல் இறந்ததும் பிரபுக்கள் வெர்சாய் அரண்மனையிலிருந்து பாரிசுக்குத் திரும்பினார்கள். அங்கே சுபீஸ் மாளிகையில் கட்டடக்கலைஞர் போஃப்ரான் 1730களில் அமைத்த ரொக்கோக்கோ நீள்வட்ட அறையைப் பாருங்கள்: வெண்மை, பொன், சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத கொடிவேலை. அங்கே யாரையும் பணிய வைக்கும் நோக்கமில்லை. பரோக்கைப் பெருமிதப் பாணி, ரொக்கோக்கோவைக் குழைவணிப் பாணி என்பேன்.

———

தொல்காப்பியத்தில் பெருமிதம் என்ற மெய்ப்பாடு கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடையால் வருவது. நீங்கள் சொல்வது மருட்கை, அதாவது வியப்பு. ஆனால் மருட்கை பெருமையால் மட்டுமல்ல, சிறுமையாலும் பிறக்கும். அப்போது சுபீஸ் அறையும் அதில் சேர்ந்துவிடும்!

———

நேரமில்லை. குழைவணிப் பாணியைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பரோக், பரோக்காகவே போகட்டும்.

———

நான் ஏற்கவில்லை. ரோமில் கட்டடக்கலைஞர் பொர்ரொமினியின் சான் கார்லோ ஆலய முகப்பு அலையலையாக வளைகிறது. அது அசல் பரோக். குழைவு அதற்குத்தானே முதலில் பொருந்தும்?