தண்ணீர் வடியாத தென்னந்தோப்புக்குச் சின்ன டிராக்டர்: எந்த வண்டி, எந்த டயர்?

கடைமடைக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். முத்துப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். மொத்தம் நான்கரை ஏக்கர். அதில் மூன்று ஏக்கர் தென்னை, மீதி நஞ்சை. தென்னை முழுவதும் 2018 நவம்பரில் அடித்த கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள். மட்டைகள் இன்னும் தலைக்கு மேலே ஏறவில்லை. களிமண். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தை பிறக்கும் வரை தோப்பில் நடந்தாலே கணுக்கால் புதைகிறது.

போன கார்த்திகையில் தேங்காய் ஏற்ற வந்த 45 எச்.பி. வாடகை டிராக்டரின் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. பொக்லைன் வைத்துத்தான் எடுத்தோம். அந்தத் தடத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து மரங்களின் வேர் சிவப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். வேலைகள்: தோப்பில் ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டுவது, தேங்காயும் மட்டையும் ஏற்றுவது, நஞ்சையில் சேற்றுழவு. வீட்டுக்கும் தோப்புக்கும் இடையே கொஞ்ச தூரம் தார்ச்சாலை. விற்பனையாளர் “சேற்றுக்கு இழுவை வேண்டும், 45-க்குக் குறையாதீர்கள்” என்கிறார். மைத்துனர் “பவர் டில்லர் (பின்னால் நடந்து ஓட்டும் சின்ன உழவு இயந்திரம்) போதும்” என்கிறார். நான் 24 எச்.பி. ஃபோர் வீல் டிரைவ் பக்கம் சாய்கிறேன். டயரில் என்ன பார்க்க வேண்டும்? பட்டன் (டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டை) ஆழமான நெல்வயல் டயர் போட்டால் புதையாதா?

வடிகால் முக்கியம்:
தம்பி, வண்டிக்கு முன்னால் மண்வெட்டி. தண்ணீர் நிற்கும் தோப்பில் எந்த வண்டியும் புதையும். இரண்டு வரிசைக்கு ஒரு வாய்க்கால், இரண்டரை அடி ஆழம், வடிகாலை நோக்கிச் சரிவு. மழைக்காலத்தில் வடிகாலே நிரம்பி எதிர்த்து வருகிற ஊர் உங்களுடையது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தண்ணீர் ஒரு வாரம் முன்னதாக இறங்கினால்கூட மரத்துக்கு நல்லது, வண்டிக்கும் நல்லது. டிராக்டர் விலையில் சிறு பங்குதான் செலவு.

மன்னார்குடி பட்டறை:
வடிகால் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வண்டிக்கு வருகிறேன்.

சேற்றில் முதலில் பார்க்க வேண்டியது எடை. எச்.பி. அதற்குப் பிறகுதான். 45 எச்.பி. வண்டி ஏறத்தாழ இரண்டு டன். அதில் பெரும்பகுதி பின் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு இழுவைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். 13.6-28 அளவுள்ள பின் டயர் ஒன்றில் 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். காய்ந்த நிலத்தில் அந்த எடைதான் இழுவை. உங்கள் தோப்பில் அதுவே வண்டியைக் கீழே இறக்குகிறது. அகல டயர் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மேல்மண் ஓரளவு தப்பும், உண்மைதான். ஆனால் ஒன்றரை அடிக்குக் கீழே மண் இறுகுவது பெரும்பாலும் அச்சின் மொத்த எடையால். அந்த இறுக்கத்தை எந்த ரொட்டவேட்டரும் எடுக்காது. தென்னை வேர் அதில்தான் திணறும்.

24 எச்.பி. வகையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடுகின்றன. குபோட்டா பி2441, மகிந்திரா ஜிவோ 245 போன்றவை அந்த வகை. உயரமும் குறைவு, உங்கள் மட்டைக்கு அடியில் நுழையும். முன்சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் பின்சக்கரம் சுழன்று குழி பறிப்பது குறையும். எதை வாங்கினாலும் வேலையில் ஓடும் வண்டியை ஒரு மழைநாளில் நேரில் பாருங்கள். விற்பனை நிலையத்துச் சிமெண்டுத் தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

நெல்வயல் டயர் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தோப்பிலும் நஞ்சையிலும் தனித்தனியாகக் கடப்பாரையை நிமிர்த்திப் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். எந்த ஆழத்தில் தடுக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

டில்லர்தான் என் வண்டி:
உங்கள் மைத்துனர் சொல்வது தவறில்லை. பவர் டில்லர் நானூறு கிலோ வாக்கில்தான் இருக்கும். இரும்புச் சக்கரம் மாட்டினால் நஞ்சையில் அருமையாக ஓடும். ஆனால் மூன்று ஏக்கர் தோப்பு முழுவதும் சேற்றில் அதன் பின்னால் நடக்க வேண்டும். முப்பது வயதில் நடந்தேன். இப்போது ஆள் வைத்துத்தான் ஓட்டுகிறேன், ஆளும் கிடைப்பதில்லை. தேங்காய் ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால் டில்லர் வேண்டாம்.

கடைமடைக்காரன்:
பட்டறை அண்ணனுக்கு: கடப்பாரை வைத்துப் பார்த்தேன். நஞ்சையில் முக்கால் அடியிலேயே ‘டொக்’கென்று நின்றுவிட்டது, அதற்கு மேல் குத்தித்தான் இறக்க வேண்டியிருந்தது. தோப்பில் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு அடி தாண்டியும் தடுக்கவில்லை.

மன்னார்குடி பட்டறை:
எதிர்பார்த்ததுதான். நஞ்சையில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு நடந்து, கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் தட்டாக இறுகியிருக்கிறது. சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி அந்தத் தட்டில் உட்காரும், உட்கார்ந்து தள்ளும். பட்டன் ஆழமான நெல்வயல் டயரும் கேஜ் வீலும் (கூண்டு போன்ற இரும்புச் சக்கரம்) அதற்காகவே செய்தவை. தோப்பில் அந்தத் தட்டு இல்லை. அங்கே ஆழமான பட்டன் மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும். ஒரு சுற்று வெறுமனே சுழன்றால் நான்கு விரல் இறங்கும். அதனால் தோப்புக்கு நெல்வயல் டயர் வேண்டாம்.

வண்டியோடு வரும் சாதாரண விவசாய டயரே போதும். அந்த மாடலுக்குக் கிடைப்பதில் அகலமானதாகக் கேளுங்கள். டயரில் தண்ணீர் நிரப்பாதீர்கள். தோப்பு வேலைக்குக் காற்றைக் கையேடு அனுமதிக்கும் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். பெரும்பாலும் 12 பி.எஸ்.ஐ. பக்கம் வரும். டயர் தரையில் அகலமாகப் படுக்கும். பாரத்தோடு தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன் மறுபடி ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டயரின் பக்கச்சுவர் வெடித்துவிடும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு காற்றடிக்கும் பம்பு வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வேலைக்காகக் கடைத்தெருவுக்கு ஓட வேண்டாம்.

நஞ்சைக்கு ரப்பர் டயருக்கு வெளியே மாட்டுகிற அரை கேஜ் வீல் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நிறுவனம் அந்த மாடலுக்குச் சொல்லும் அளவில்தான் வாங்க வேண்டும். சின்ன வண்டியின் அச்சு பெரிய இரும்புச் சக்கரத்தைத் தாங்காது. வயலிலேயே மாட்டி வயலிலேயே கழற்றிவிடுங்கள். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பெயரும், அபராதமும் உண்டு.

இன்னொன்று. ஃபோர் வீல் டிரைவில் முன் டயரின் வேகமும் பின் டயரின் வேகமும் கணக்குப் போட்டு அமைத்தவை. முன்சக்கரம் ஒரு துளி வேகமாகச் சுற்றும்படிதான் கியர் இருக்கும். நீங்கள் பின் டயரை மட்டும் பெரிதாக மாற்றினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். முன் அச்சின் கியர்தான் முதலில் போகும். என் பட்டறைக்கு வந்த இரண்டு வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ‘பெரிய டயர் போட்டேன், நன்றாக இழுத்தது’ என்றுதான் இருவரும் சொன்னார்கள். மாற்றுவதாக இருந்தால் முன், பின் இரண்டையும் கையேட்டில் உள்ள ஜோடியாக மாற்றுங்கள். சாலையில் ஏறியதும் முன் இழுவையைத் துண்டித்துவிடுங்கள்.

தோப்புக்கார அக்கா:
எல்லோரும் உழவு பற்றியே பேசுகிறீர்கள். அந்த வாடகை வண்டி புதைந்தது தேங்காய் ஏற்றும்போதுதானே? எங்கள் பேராவூரணிப் பக்கம் மழைக்காலத்தில் டிரெய்லரைத் தோப்புக்குள் விடுவதே இல்லை. மேட்டில் ஒரே ஒரு பாதை. ஓரத்தில் வாய்க்கால் வெட்டி அந்த மண்ணையே பாதையில் போட்டு மேடாக்கி, மேலே செங்கல் உடைசல் பரப்பியிருக்கிறோம். டிரெய்லர் அங்கே நிற்கும். டிராக்டரின் பின் ஹைட்ராலிக்கில் ஒரு பெட்டியை மாட்டி, தோப்புக்குள்ளிருந்து காயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொட்டுவோம். நடை கூடும்தான். ஆனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். இன்று ஒரு தடம், நாளை ஒரு தடம் என்று ஓட்டினால் தோப்பு முழுவதும் கெட்டுப்போகும்.

ரொட்டவேட்டரை மரத்துக்கு ஆறடிக்குள் கொண்டுபோகாதீர்கள். தென்னையின் வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. இருபத்தைந்து அடி இடைவெளியில் இரு பக்கமும் ஆறடி விட்டால் நடுவில் பதின்மூன்று அடி. சின்ன வண்டிக்கு அது தாராளம்.

அடுத்து, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்டி புதைந்தால் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. செய்யாதீர்கள். சக்கரம் சுழல முடியாமல் நின்றால் எஞ்சின் வண்டியின் உடம்பையே தூக்கும். முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். குதிக்க நேரம் இருக்காது. புதைந்தால் வந்த வழியே பின்னால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு இன்னொரு வண்டியை வரச்சொல்லுங்கள். சங்கிலியை அந்த வண்டியின் கீழ் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், கருவிகளை மாட்டுவதற்காக மேலே இருக்கும் டாப் லிங்க் என்ற இணைப்புக் கம்பியில் மாட்டினால் அதுவும் மல்லாரும்.

வடிகால் முக்கியம்:
அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். இன்று வண்டியைத் தோப்பில் இறக்கலாமா வேண்டாமா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லிய திரியாக உடையாமல் உருண்டால் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். உருட்டும்போதே துண்டாக உதிர்ந்தால் இறக்கலாம். மேல்மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், வெயிலில் அது மட்டும் காய்ந்திருக்கும்.

மானியம் பற்றி ஒரு குறிப்பு:
வேளாண் பொறியியல் துறை வழியாக டிராக்டருக்கு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குக் கூடுதல் விழுக்காடும் மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும், உச்சவரம்புக்கு உட்பட்டு. உழவன் செயலியில் பதிந்து, ஆணை வந்த பிறகுதான் வாங்க வேண்டும். வாங்கிவிட்டுப் போனால் கிடைக்காது. பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடாகவும், டிராக்டர் டயருக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைந்திருக்கிறது.

கடைமடைக்காரன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நான்கு வாய்க்காலுக்கு ஆள் பேசிவிட்டேன். வண்டி 24 எச்.பி.யில்தான், அதுவும் மானிய ஆணை வந்த பிறகு. பட்டறை அண்ணனிடம் கடைசியாக ஒன்று: பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. அதே வகை, கும்பகோணம் பக்கம் சேற்றில் ஓடியது. மானியத்துக்குக் காத்திருக்காமல் அதை எடுக்கலாமா?

மன்னார்குடி பட்டறை:
வாங்குவதற்கு முன்பு, வண்டியின் முன் அச்சில் ஆயில் அடைப்பைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். சேற்றில் ஓடும் வண்டிக்கு முன்சக்கர ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் போவதுதான் பெரிய நோய். ஆயில் வெளுத்துப் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உள்ளே பேரிங்கும் கியரும் துருப்பிடித்திருக்கும். அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். தெளிவாக இருந்தால் வண்டியை மேட்டில் நிறுத்தி, முன் இழுவையைப் போட்டு, இரண்டு பக்கமும் முழு வளைவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ‘கடக், கடக்’ என்று சத்தம் வராவிட்டால் எனக்கு ஒரு தகவல் போடுங்கள். டயர் பட்டனையும் பார்த்துச் சொல்கிறேன்.