'ட்வென்டி ஒன்' வினாடி வினா: செட்டப் எப்படி நடந்தது?

நெய்தல்:
1956ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'ட்வென்டி ஒன்' செட்டப் என்பது நிரூபணமான விஷயம். எனக்குப் பிடிபடாதது செய்முறைதான். போட்டியாளர் இருவரும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டில் நிற்கிறார்கள். ஒருவர் எடுத்த புள்ளி மற்றவருக்குத் தெரியாது. பிறகு எப்படி 21-21 என்று அத்தனை முறை சமநிலை வந்தது? விடையைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் இது நடக்காதே? இத்தனை பேருக்குத் தெரிந்த சங்கதி வெளியே வர ஏன் இரண்டு ஆண்டு பிடித்தது?

கரிசல்காரன்:
சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். விடையோடு புள்ளியையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் போட்டியாளரே 1 முதல் 11 வரை ஓர் எண்ணைக் கேட்க வேண்டும். எண் கூடக் கூடக் கேள்வி கடினமாகும். சரியாகச் சொன்னால் அந்த எண்ணே புள்ளி, 21 தொடுவதுதான் இலக்கு. இரண்டே சுற்றில் 21 தொட வேண்டுமென்றால் ஒரு 10, ஒரு 11, வேறு வழியில்லை. இருவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சமநிலை தானாக வந்துவிடும்.

சமநிலையை ஏன் விரும்பினார்கள் என்றால், புள்ளி வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் 500 டாலர். சமன் ஆனால் அடுத்த ஆட்டத்தில் அது 1,000, அதற்கடுத்து 1,500. சாம்பியன் தோற்றால் அவர் சேர்த்த பணத்திலிருந்தே கழியும். 1957 மார்ச்சில் சார்லஸ் வேன் டோரன் என்ற சாம்பியனின் 1,43,000 டாலர் 1,29,000 ஆனது அப்படித்தான். பார்ப்பவருக்குப் பதைபதைப்பு, ஸ்பான்சருக்கு அடுத்த வாரமும் கூட்டம்.

நடிப்புக்கும் பயிற்சி உண்டு. கூண்டுக்குள் ஏசியை நிறுத்திவிடுவார்கள், வியர்க்க வேண்டுமே. கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்காதே, ஒற்றி எடு என்று ஹெர்ப் ஸ்டெம்பெல் என்ற போட்டியாளருக்குச் சொல்லியிருந்தார்கள். பல பகுதியுள்ள கேள்வியில் ஒன்றைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து திணறிச் சொல்வது வேன் டோரனுக்குக் கற்றுக்கொடுத்த உத்தி. தோல்வியும் எழுதிவைத்ததே. 1956 டிசம்பர் 5 அன்று, 1955ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்று ஸ்டெம்பெலிடம் கேட்டார்கள். 'மார்ட்டி' அவர் மூன்று முறை பார்த்த படம். ஆனாலும் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' என்று தப்பாகச் சொல்ல வைத்தார்கள். எனக்கு இதுதான் மிகக் கொடுமையாகப் படுகிறது.

பழைய அலைவரிசை:
தாமதத்துக்குக் காரணம் ஆதாரம் இல்லாததுதான். ஸ்டெம்பெல் 1957லேயே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். தோற்றவரின் வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொள்ள இடமிருந்தது, அவதூறு வழக்கு பயமும் இருந்தது. அச்சேறவில்லை.

1958 ஆகஸ்டில் நிலைமை மாறியது. 'டாட்டோ' என்ற வேறொரு நிகழ்ச்சியில் ஒரு போட்டியாளரின் நோட்டுப் புத்தகத்தில் விடைகள் எழுதியிருந்தன. தன் முறைக்காகக் காத்திருந்த இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டார். அதே மாதம் நிகழ்ச்சி நின்றது.

இதைவிடப் பலமான சாட்சியம் ஜேம்ஸ் ஸ்நாட்கிராஸ் என்ற ஓவியருடையது. 1957ல், நிகழ்ச்சிக்கு முன்பே கேள்விகளையும் விடைகளையும் எழுதித் தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, வந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். தபால் முத்திரையின் தேதி ஒளிபரப்புக்கு முந்தையது. அதை யாரால் மறுக்க முடியும்? 1959 நாடாளுமன்ற விசாரணையில் இது முன்வைக்கப்பட்டது. அந்த நவம்பர் 2ல் வேன் டோரனும் ஒப்புக்கொண்டார்.

மேகலை:
ஒரு திருத்தம். செட்டப் என்றாலே விடையைக் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். சிபிஎஸ் தொலைக்காட்சியின் '64,000 டாலர் கொஸ்டின்' நிகழ்ச்சியில் போட்டியாளரிடம் முன்பே நிறையக் கேள்வி கேட்டு, எது தெரியும் எது தெரியாது என்று அளந்து வைத்துக்கொள்வார்கள். இருக்க வேண்டியவருக்குத் தெரிந்ததும், போக வேண்டியவருக்குத் தெரியாததும் வரும். இது எப்போதும் பலிக்கவில்லை. குத்துச்சண்டை பற்றிப் பதில் சொன்ன உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸை வெளியேற்ற நடுவர்களைப் பற்றியெல்லாம் கேட்டார்கள். அவர் அதையும் படித்து வந்திருந்தார், ஜெயித்தார்.

அப்போது இதைத் தடுக்கச் சட்டமே கிடையாது. அதனால் 1962ல் வேன் டோரன் உள்ளிட்டோர் ஒப்புக்கொண்டது பொய் சாட்சிக் குற்றத்தை மட்டுமே. தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. 1960ல் வந்த சட்டத் திருத்தப்படி இனி 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

ஒரு நிகழ்ச்சி நேர்மையா என்று பார்க்க நான் முதலில் கேட்பது, கேள்வி எழுதுபவரும் போட்டியாளரும் சந்திக்க வழி இருக்கிறதா என்பதைத்தான். 'ஜெபர்டி' என்ற அமெரிக்க வினாடி வினாவில் அவர்களைப் பிரித்தே வைக்கிறார்கள். எந்தக் கேள்வித் தொகுப்பு எந்த ஆட்டத்துக்கு என்பதையும் எழுதியவர்கள் முடிவு செய்வதில்லை.

நெய்தல்:
10, 11 கணக்கு இப்போது புரிந்தது. மூவருக்கும் நன்றி.