படச் சட்டங்களைச் சுவரோடு பூட்டி மாட்ட யோசனை சொல்லுங்கள்

வணக்கம். பாம்பனில் எங்கள் தெரு வாசகசாலையில், 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடிப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். போன மாதம் ஒன்றை யாரோ ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தாத்தா வைத்திருந்த படம், வேறு பிரதி இல்லை. மனசு ஆறவில்லை.

இப்போது மேலே இரண்டு கொக்கி, கீழே தனிச் சாவியால் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டும் டி வடிவ ஸ்குரூ உள்ள செட் வாங்கியிருக்கிறேன். சிக்கல் சுவர்தான். பழைய பவளக்கல், சுண்ணாம்புப் பூச்சு. டிரில் வைத்தாலே மாவாக உதிர்கிறது, பிளாஸ்டிக் பிளக் பிடிக்கவில்லை. கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி ஸ்குரூவைப் பிடிக்க வைப்பது) தாங்குமா, இல்லை முதலில் சுவரில் மரச்சட்டம் (ரீப்பர்) அடித்து அதில் மாட்டலாமா?

அப்புறம், உப்புக் காற்றில் சாதா ஸ்குரூ சீக்கிரமே துருவேறிவிடும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ ராமநாதபுரத்தில் கிடைக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.