மறக்கத்தான் குடிக்கிறார்களா? மெக்சிகோ ராஞ்சேரா பாட்டுகளை முன்வைத்து ஒரு சண்டை

கோடைமழை:
ஒரு மாதமாக ராஞ்சேரா என்கிற மெக்சிகோ நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகள் கேட்கிறேன். பெரும்பாலும் ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸ் எழுதியவை. மெட்டெல்லாம் அருமை. ஆனால் அவள் போய்விட்டாள், ஊற்று டெக்கீலாவை என்பதைத் தவிர அந்த மனிதருக்குச் சொல்ல வேறு சேதியே கிடையாதா? குடித்தால் மறந்துவிடும் என்ற பொய்யை மெட்டுப் போட்டு விற்றிருக்கிறார். 1973இல் கல்லீரல் நோயில் போனபோது வயது 47.

பழைய ரேடியோ:
மறந்துவிடும் என்று எந்தப் பாட்டில் சொல்கிறார், காட்டுங்கள் பார்ப்போம். 'எய்யா'வில் (அவள்) கெஞ்சிக் களைத்தவன் ஹலிஸ்கோ மாநிலத்துக்காரன் பாணியில் மறந்து தொலைக்கலாம் என்று போகிறான். கடைசியில் அந்த மரியாச்சி வாத்தியக் குழுவும் டெக்கீலாவுமே அவனை அழவைத்துவிடுகின்றன. 'து ரெக்குவெர்தோ இ யோ'வில் (உன் நினைவும் நானும்) ஒருவன் காந்தினா (மதுக்கடை) மூலையில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே ஒலிக்கும் பாட்டு அவனே கேட்டு வாங்கிப் பாடச் சொன்னது. மறக்க வந்தவன் செய்கிற வேலையா இது? அழுதால் யாரும் கேலி செய்யாத ஓர் இடம் அவனுக்கு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோடைமழை:
சரி, யார் அழுவதற்கான இடம்? 1980களின் தொடக்கம் வரை மெக்சிகோ நகரக் காந்தினாக்களில் பெண்களை உள்ளே விடமாட்டார்கள். போனவளும் எங்கோ அழுதிருப்பாள்தானே?

நள்ளிரவு வாசகி:
இரண்டு பேரும் பாடகி சாவேலா வர்காஸை மறந்துவிட்டீர்கள். கோஸ்தாரிக்காவில் பிறந்து மெக்சிகோ வந்தவர், ஹிமெனெஸின் குடித்தோழி. கால்சட்டை, போன்ச்சோ மேலங்கி போட்டுக்கொண்டு, ஆண் பெண்ணைப் பார்த்துப் பாடும் பாட்டைப் பால் மாற்றாமல் அப்படியே பாடினார். மரியாச்சிக் கூட்டம் கிடையாது, கிதார் மட்டும். அந்தக் குடியே அவரைப் பல ஆண்டுகள் மேடைப் பக்கம் வரவிடாமல் செய்தது. குடியை விட்டு 1990களில் திரும்பினார். 2003இல் 84 வயதில் கார்னகி ஹாலில் பாடினார். திரும்பி வந்த பிறகு பாடிய பதிவுகளைக் கேளுங்கள். ஒரு சொட்டு உள்ளே போகாமலேயே குரல் தள்ளாடும்.

கோடைமழை:
அப்போ என் கட்சிதானே நீங்கள்? குடியை விட்டதால்தான் 93 வயது வரை இருந்தார்.

நள்ளிரவு வாசகி:
குடியை விட்டார். ஹிமெனெஸின் பாட்டை விட்டாரா?

பழைய ரேடியோ:
வேறு சேதி இல்லையா என்று கேட்டீர்களே. ஹிமெனெஸின் ஊர் தொலோரெஸ் இதால்கோ. அவர் சமாதியே ஒரு ராட்சச சோம்ப்ரெரோ தொப்பி போல இருக்கும். அதில் பொறித்திருக்கும் 'வாழ்வுக்கு ஒரு மதிப்பும் இல்லை' என்ற வரி குவானாஹுவாத்தோ பாதைகளைப் பற்றிய பாட்டிலிருந்து வருவது. காதலி அந்தப் பாட்டில் கிடையாது. சகோதரரைப் பறிகொடுத்த துக்கத்தில் வந்தது என்பார்கள். சலமாங்கா வழியாகப் போகாதே, அங்கே நினைவு குத்துகிறது என்கிறார். நினைவு நிஜமாகவே தாங்க முடியாதபோது மனிதர் குப்பியைத் தேடவில்லை, பாதையை மாற்றிக்கொள்கிறார்.

கோடைமழை:
இது எனக்குத் தெரியாது. இன்றிரவு கேட்கிறேன். ஆனால் அந்தக் காந்தினா மூலைக்காரனை இன்னும் மன்னிக்கவில்லை.